ரப்பர் மேல் ஒரு விரல் பசை

முதல் போல்ட் வெடித்ததும் செயற்கைக்கோள் போய்விட்டது என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் முகத்திலும் ஈ ஆடவில்லை. திரைகளில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் நின்றன, ஒரு மூச்சு நேரம் செத்துக் கிடந்தன, பிறகு நொண்டி நொண்டி மறுபடி ஓடின. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. செயற்கைக்கோளில் இருக்கிற எல்லாக் கணினிகளுக்கும் தாளம் போட்டுக் கொடுக்க இரண்டு கடிகாரங்கள் உண்டு. வெடித்த போல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த முதல் கடிகாரம் அதிர்ச்சி தாங்காமல் உடைந்திருந்தது. செயற்கைக்கோள் தானாகவே இரண்டாவதுக்கு மாறிக்கொண்டு உயிர் பிழைத்திருந்தது. மூன்றாவது என்று ஒன்று கிடையாது.

அதோடு முடிந்திருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் சூரியப் பலகையை மடித்து, முனைக்கு ஒன்றாக இரண்டு வெடி போல்ட்டால் கட்டி அல்லவா அனுப்பியிருக்கிறார்கள்! இரண்டும் வெடித்தால்தான் பலகை விரியும், விரிந்தால்தான் மின்சாரம். ஒன்று வெடித்தாகிவிட்டது. இன்னொன்று, மிச்சமிருக்கிற ஒரே கடிகாரத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதை வெடித்தால் கடிகாரம் போகலாம். வெடிக்காவிட்டால் பேட்டரி காலியாகி மொத்தமும் போகும். பொழுது சாய்வதற்குள் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும்.

எல்லாத் தலைகளும் ஒருத்தியின் பக்கம் திரும்பின. ஆபீசில் அவளுக்கு அதிர்வு மேடம் என்று பெயர். வெடியின் அடி எந்த இடத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. உலோகத்துக்குள் அடி கண் இமைப்பதற்குள் ஓடும். ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் சுங்கம் கட்டிவிட்டுத்தான் தாண்டும். தகடும் சட்டமும் சேரும் இடத்தில் கொஞ்சம், சட்டமும் தாங்கியும் சேரும் இடத்தில் கொஞ்சம், கடைசியில் கடிகாரப் பெட்டியின் காலடியில் திருகைச் சுற்றி இருக்கிற ரப்பர் வளையத்தில் பெரும்பகுதி. போய்ச் சேரும்போது அடியின் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்படித்தான் அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?" என்று கேட்டார் திட்டத் தலைவர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பெட்டி தாங்கக்கூடியதுல பாதிகூட வராதுன்னு சொன்னேன் சார்."

"வந்திடுச்சே."



அவள் தன் அறைக்கு ஓடிப் போய்க் கணக்கை முதலிலிருந்து போட்டாள். சரியாக வந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் அதே விடை. தரையில் சோதிப்பதற்காகவே கட்டிய மாதிரி உடல் ஒன்று உண்டு. அதில் நிஜ போல்ட்டையே வெடித்துப் பார்த்திருந்தார்கள், அந்த அளவும் அவள் கணக்கும் மாமியார் மெச்சும் பொருத்தம். கணக்குத் தப்பாக இருந்தால்கூடத் திருத்தலாம். சரியாக இருக்கிற கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேஜை மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பத்து வருஷ வேலை, ஆயிரம் பேருடைய உழைப்பு, எல்லாம் தன் கையெழுத்தால் போகப்போகிறது என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

தலைவர் கதவருகே வந்து நின்றார். "வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க. வரும்போது ஏதாவது ஒரு பதிலோட வாங்க."

வீடு மதில் சுவருக்கு அந்தப் பக்கம்தான். ஊழியர் குடியிருப்பில் மாடி வீடு. அவள் கணவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, மகளுடைய செருப்பு வாருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். அவனும் அங்கேதான் வேலை பார்க்கிறான், செயற்கைக்கோளை இணைக்கும் கூடத்தில் ஃபிட்டர். ஏவி முடித்ததும் ஃபிட்டர்களுக்கு வேலை இருக்காது, அதனால் லீவு போட்டிருந்தான். கூடத்தில் அவனைக் கோந்து என்று கூப்பிடுவார்கள். எதையும் ஒட்டாமல் விடமாட்டான். நாற்காலிக் கால், குக்கர் கைப்பிடி, சோப்புப் பெட்டி மூடி, எல்லாவற்றிலும் அவன் பசை இருக்கும், அதுவும் தேவைக்கு இரண்டு மடங்கு. 'கழண்டு விழுந்தா யாருக்கு நஷ்டம்?' என்பான். கல்யாணமான புதிதில் அவள் அதை ரசித்தாள். இப்போது கண்டுகொள்வதில்லை.

"என்னாச்சு? ஏன் முகமெல்லாம் இப்படி இருக்கு?"

"முதல் கடிகாரம் போயிடுச்சுங்க."

அவன் கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. அவள் அவனைத் தாண்டிக் குழாயடிக்குப் போனாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லி இடது காதைத் தேய்த்துக்கொண்டான்.

அலமாரி மேல் மாத்திரை அட்டை காலையில் இருந்தபடியே இருந்தது. பொய் சொன்னால் இவனுக்குக் காது அரிக்கும். பத்து வருஷத்தில் அவள் கண்டுபிடித்த ஒரே உருப்படியான விஷயம் இதுதான். சீட்டாடப் போய்விட்டு ஓவர்டைம் என்று சொன்னபோதும், அவளுக்குத் தெரியாமல் அவள் தம்பிக்குக் கடன் கொடுத்துவிட்டு இல்லை என்று சாதித்தபோதும் அந்தக் காதுதான் காட்டிக் கொடுத்தது. இன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

அப்போது மகள் படுக்கையறையிலிருந்து ஓடி வந்தாள். கதவு சுவரில் போய் மோதியது. பக்கத்து அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் எல்லாம் கலகலவென்று நடுங்கின.

"மெதுவா திறக்கக் கூடாதா? ரப்பர் வச்சும் இந்த அடி அடிக்குதே!" என்று எரிந்து விழுந்தாள். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

கதவுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். சுவரில் கதவு முட்டும் இடத்தில் ஒரு ரப்பர் குமிழ் இருந்தது. போன மாதம் அது ஆடுகிறது என்று அவன் ஒட்டினான். அடியில் ஒரு பொட்டு வைத்தால் போதும். இவன் சுற்றி வளைத்து, மேலேயும் மூடி, விரலால் வழித்து மழமழவென்று பூசியிருந்தான். நகத்தால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழவில்லை. ரப்பர் உள்ளேதான் இருந்தது, கல்லுக்குள் மாட்டிக்கொண்டு. கதவின் அடி அதைத் தொடாமல் பசை வழியாகவே சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது.

செயற்கைக்கோளில் ஒவ்வொரு திருகையும் முடுக்கிய பிறகு, அது ராக்கெட்டின் ஆட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்கத் தலையில் ஒரு பொட்டுப் பசை வைப்பார்கள். மாதிரி உடலில் மட்டும் யாரும் வைக்க மாட்டார்கள், சோதனை முடிந்ததும் அதைப் பிரிக்க வேண்டுமே! அதனால் மாதிரியில் பசை இல்லை, அவள் கணக்கிலும் இல்லை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியதில் அதிசயமே இல்லை. பசை இருந்தது மேலே போனதில் மட்டும்தான்.

"என்னங்க," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "கடிகாரப் பெட்டி ரெண்டையும் மாட்டினது நீங்கதானே?"

"ஆமா."

"திருகுக்குப் பசை வச்சீங்களே, ரப்பர் மேலயும் வழிஞ்சுதா?"

அவன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று. "முதல் பெட்டில கொஞ்சம் தாராளமாதான் வச்சேன். கழண்டுட்டா என்ன பண்றதுன்னு... வழிஞ்சதை விரலால சுத்தியும் இழுத்துவிட்டேன். அது தப்பா?"

"ரெண்டாவதுல?"

"ரெண்டாவதுல இல்ல. செக் பண்ற சார் 'ஏன்யா இப்படி அப்புற'ன்னு திட்டினாரு. அதுல ஒரு பொட்டுதான் வச்சேன்."

சொல்லிவிட்டு இடது காதைத் தேய்த்தான்.

அரை மணியில் இருவரும் கட்டுப்பாட்டு அறையில் இருந்தார்கள். செக் பண்ணிய அதிகாரியைப் போனில் பிடித்தார்கள். திட்டியது ஞாபகம் இருக்கிறது, எந்தப் பெட்டிக்குத் திட்டினேன் என்று ஞாபகம் இல்லை என்றார். படம் எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டாவது பெட்டியின் படத்தில் காலடியை ஒரு கேபிள் கட்டு மறைத்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே கொண்டுபோய் வைத்த மாதிரி!

அவள் தலைவரிடம் விளக்கினாள். ரப்பர் பசையில் சிறைப்பட்டிருந்தால், இரண்டாவது கடிகாரமும் முதலாவதைப் போலவே உடையும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தப் பசை சூட்டுக்கு இளகும். பெட்டிக்குப் பக்கத்தில் குளிர் தாங்குவதற்காக வைத்திருக்கிற ஹீட்டரைப் போட்டு நன்றாகச் சூடேற்றினால், கல் மாதிரி இருப்பது மெழுகு மாதிரி ஆகும். அடியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும்.

பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் குதித்தார். "ஹீட்டரா? இருக்கிற சார்ஜ் மொத்தத்தையும் அதுவே குடிச்சிடும் சார். அப்புறம் ஒரே ஒரு தடவை போல்ட்டை வெடிக்கத்தான் தெம்பு இருக்கும். முதல் தடவை வெடிக்கலைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்பவே வெடிச்சா ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணலாம்."

தலைவர் கோந்தின் பக்கம் திரும்பினார். அவன் சுவரோரமாக, அடி வாங்கப்போகிற பையன் மாதிரி நின்றிருந்தான்.

"ரெண்டாவது பெட்டில ரப்பர் மேல பசை இருக்கா இல்லையா? யோசிச்சு சொல்லுங்க. அவசரம் இல்ல." மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறபோது அவசரம் இல்லை என்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும்.

"இல்ல சார். ஒரு பொட்டுதான். என் பொண்ணு மேல சத்தியமா." கை காதுக்குப் போயிற்று.

"அப்ப ஹீட்டர் வேணாம். இப்பவே வெடிச்சிடலாம்" என்றார் பேட்டரிக்காரர்.

தலைவர் அவளைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மேடம்?"

கணவன் சொல்வதை நம்புகிறேன் என்று சொன்னால் போதும். உடைந்தால் அவன் சொன்னதாலேயே உடைந்தது, அவள் மேல் பழி இல்லை. நம்பவில்லை என்றால், இத்தனை பேர் நடுவில் அவன் பொய்யன். அதிலும் ஒரு கேவலம் இருந்தது. பழி முழுக்க அவன் தலையில் விழுந்து அவள் கணக்கு சுத்தமாக வெளியே வரும். அதற்காகத்தான் சொல்கிறேனா என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. மேலே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, அது நின்றால் ஆயிரம் பேர் வீட்டில் சோறு இறங்காது.

"பசை இருக்கு சார்," என்றாள். "இவர் சொல்றது உண்மை இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

காது என்று சொல்ல முடியுமா? "பத்து வருஷமா இவரையும் இவர் கையையும் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு பொட்டோட இவர் கை நிக்காது."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஹீட்டரைப் போட்டார்கள். திரையில் ஒரு பக்கம் வெப்பம் ஏறியது, மறுபக்கம் பேட்டரி இறங்கியது. பேட்டரிக்காரர் இறங்குகிற எண்ணைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். அவள் ஏறுகிற எண்ணைப் பார்த்தாள், அது எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றேவிட்டது. பலகையின் நிழல் விழுகிறது என்றார்கள். செயற்கைக்கோளைக் கொஞ்சம் திருப்பினார்கள், அதற்கும் பேட்டரிதான் அழுதது. அவள் வேண்டாத தெய்வம் இல்லை. யாரோ டீ கொண்டு வந்து வைத்தார்கள், அது ஆடை படிந்து ஆறிப்போனது.

"போதும் மேடம், இதுக்கு மேல தாங்காது" என்றார் பேட்டரிக்காரர். வெப்பம் அவள் கேட்ட அளவுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் கொஞ்சம்னா அப்புறம் வெடிக்கவே முடியாது!"

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள். தலைவர் கையை உயர்த்தி இறக்கினார்.

எண்கள் ஒருமுறை துள்ளின. எண்கள் நிற்கவில்லை. கடிகாரம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் பலகை விரிந்துவிட்டது என்று ஒரு பச்சை விளக்கு சொன்னது, பேட்டரி எண் தரையிலிருந்து எழுந்து மெல்ல ஏறத் தொடங்கியது. அறை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். பேட்டரிக்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் திரும்பிச் சுவரோரத்தைப் பார்த்தாள். அவனும் தட்டிக்கொண்டிருந்தான், ஓசை வராமல்.

போகும்போது தலைவர் அவனைக் கூப்பிட்டு, இணைப்புக் கூடத்துக்குள் நுழைவதற்கான அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும் வரை என்றார். "முதல் பெட்டிக்காக இல்லப்பா. அது யாருக்கும் நடக்கும். இவ்வளவு பெரிய விஷயத்துல உண்மையைச் சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுக்காக." அவன் கழுத்திலிருந்து கயிற்றோடு கழற்றிக் கொடுத்தான். கயிற்றில் அட்டை கழன்றுவிடாமல் இருக்க ஒரு திட்டுப் பசை இருந்தது.

மதிலோரமாக இருவரும் நடந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நடக்க நடக்க வேறொன்று உறைத்தது. கடிகாரம் பிழைத்ததால் என்ன தெரிந்தது? பசை இருந்து, சூட்டில் இளகியதால் பிழைத்திருக்கலாம். பசையே இல்லாமல், ரப்பர் ரப்பராகவே இருந்ததாலும் பிழைத்திருக்கலாம். அந்த உயரத்துக்கு ஏறிப் போய் யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. அவள் கணக்கு எதைக் கேட்டாலும் சொல்லும், இதை மட்டும் சொல்லாது.

"இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க," என்றாள். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ரெண்டாவதுல பூசினீங்களா?"

"உள்ளேயே சொன்னேனே."

"நமக்குள்ள கேக்கறேன்."

அவன் நின்றான். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இப்ப சொன்னா மட்டும் நம்பிடுவியா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் மகள் பக்கத்து வீட்டுக்காரரோடு வாசலில் காத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, அம்மாவோட கடிகாரம் நின்னு போச்சா?"

"இல்லடா கண்ணு. ஓடுது. நல்லா ஓடுது."

அவன் சொன்னது சத்தியமான உண்மை. எண்கள் ஓடியதை அவள் தன் இரண்டு கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். சொல்லிவிட்டு அவன் இடது காதைத் தேய்த்துக்கொண்டான். காது சிவக்கிற அளவுக்குத் தேய்த்தான்.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பயந்தால் தேய்க்கிறான். மனசு உடைந்தால் தேய்க்கிறான். இத்தனை வருஷமும் அவள் பார்த்தது அதைத்தானோ என்னவோ.

"ஏம்மா உட்கார்ந்துட்ட? உள்ளே வா" என்றான் அவன். மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவன், அந்தப் படுக்கையறைக் கதவு சுவரில் மோதாமல் கையால் பிடித்துத் திறந்தான்.